என் மனம் உருகவில்லையே, சுவாமி!

சென்ற தபசு காலத்தில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை. சாயந்திரம் தேவநற்கருணை ஆசீர்வாதம் முடிந்து, கோவில்பிள்ளை மெழுகுதிரிகளை அணைத்துவிட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டிருந்தார். சனங்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு தாயார் மாத்திரம் வாசற்படியருகில் நின்றுகொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாள் தவறாமல் காலைப் பூசைக்கு வருகிற சிலரில் அவரும் ஒருவர்.

"சுவாமி, ஒரு வார்த்தை" என்றார். நின்றேன்.

"பக்கத்தில் முழங்காலிலிருக்கிறவள் தேவநற்கருணையைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணீர் விடுகிறாள். என் மருமகள் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஆண்டவர் பக்கத்திலே வந்து நின்றதுபோல இருந்தது அத்தை என்கிறாள். நான் நாற்பது வருஷமாய்ப் பூசை காண்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. நன்மை வாங்கினாலும் மனம் உருகவில்லையே, சுவாமி! ஆண்டவர் என்னைத் தள்ளிவிட்டாரோ? இந்த மனசோடு அவரை வாங்குவது துரோகம் என்று இரண்டு மாதமாய் நன்மை வாங்குவதையும் நிறுத்திவிட்டேன்."

எனக்கு அன்று வேறு அலுவல் இருந்தது. அவசரத்தில், "மனச்சாட்சியை நன்றாய்ச் சோதித்துப் பாருங்கள் அம்மா. ஏதாவது பாவம் ஒளிந்திருக்கும். இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். "சரி, சுவாமி" என்று கைகூப்பிவிட்டுப் போனார். வந்ததைவிடப் பாரமான முகத்தோடு போனார்.

இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல. கோவில் வாசலில் பேசியது. அந்தத் தாயாருடைய உத்தரவு பெற்றே எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வியைக் கேட்க நினைத்தும் வெட்கத்தால் கேளாமலிருக்கிறவர்கள் இந்தப் பங்கில் அநேகர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பீடத்தின்முன் நிற்கிற குருவுக்கே வாய் ஜெபிக்க, மனம் கல்லாய்க் கிடக்கிற காலைகள் உண்டு. ஆகையால் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்பொழுது உங்கள் எல்லாருக்கும் சொல்லுகிறேன்.

முதலாவது, சர்வேசுரன் நமக்கு அருகில் இருக்கிறார் என்பதற்கும், அவர் அருகில் இருப்பதை நாம் உணருகிறோம் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் எங்கும் வியாபித்திருக்கிறார் என்று ஞானோபதேசத்தின் ஆரம்பப் பாடத்திலேயே படித்தோம். தேவ இஷ்டப்பிரசாதத்தோடு இருக்கிற ஆத்துமத்தில் அவர் ஓர் ஆலயத்தில் வாசம்பண்ணுவதுபோல வாசம்பண்ணுகிறார் என்பது விசுவாச சத்தியம். தேவநற்கருணையில் சேசுநாதர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பதும் விசுவாச சத்தியம். இவற்றில் எதாவது நம்முடைய கண்ணீரைப் பொறுத்ததா? நாம் அழுதால் அவர் அப்பத்தின் குணங்களுக்குள் வருகிறார், அழாவிட்டால் வருகிறதில்லை என்று எந்த வேதபாரகர் எழுதினார்? காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிற பிள்ளைக்குத் தாயின் மடி தெரியாது. ஆனாலும் அது கிடப்பது தாயின் மடியில்தான்.

தமிழரான நமக்குப் பக்தி என்றாலே உருக்கம் என்று பொருள். கல்லும் கரையப் பாடுகிற பாஷை நம்முடையது. அது நல்ல காரியமே. ஆனால் பக்தி என்பது என்ன என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் ஆராய்ந்தபோது அவர் கண்ணீரை முதலாவது வைக்கவில்லை. சர்வேசுரனுடைய ஊழியத்துக்கடுத்ததைத் தாமதமின்றிச் செய்யத் தயாராயிருக்கிற மனதே பக்தி என்று தீர்மானித்தார். உள்ளத்தின் மகிழ்ச்சியையும் கண்ணீரையும் அந்தப் பக்தியிலிருந்து பிறக்கக்கூடிய பலன்களாகவே எண்ணினார். மாமரம் ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் காய்க்காது. காய்க்காத வருஷத்திலும் அது மாமரமே.

இரண்டாவது, ஆண்டவர் எல்லாரையும் ஒரே வழியாய்த் தம்மண்டை அழைக்கிறதில்லை என்பதை அர்ச்சியசிஷ்டர்களுடைய சரித்திரத்தில் பாருங்கள்.

அர்ச். இஞ்ஞாசியாருக்குக் கண்ணீர் வரம் இருந்தது. 1544, 1545-ம் வருஷங்களில் அவர் தமக்கென்று எழுதி வைத்த குறிப்புகளில், பூசை செய்யுமுன் கண்ணீர், பூசையில் கண்ணீர், பூசைக்குப்பின் கண்ணீர் என்று நாள்தோறும் கணக்கு எழுதியிருக்கிறது. போர்வீரனாயிருந்த மனுஷன் குழந்தைபோல அழுதார். அழுகிறவர்களைப் பார்த்து, வேஷம் என்று நகைக்கிறவர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.

அர்ச். மோனிக்கம்மாளுக்கும் அவர் மகன் அகுஸ்தீனுக்கும் ஆண்டவர் ஒரு சம்பாஷணையில் அருகில் வந்தார். 387-ம் வருஷம், ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில், ஊருக்குத் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து, தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலோரம் தாயும் மகனும் சாய்ந்து நின்று மோட்ச வாழ்வைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு உயர உயர, சிருஷ்டிகள் எல்லாவற்றையும் கடந்து ஒரு கண நேரம் நித்தியத்தைத் தொட்டதுபோல அவர்களுக்கிருந்தது. கொஞ்ச நாளைக்குள் அந்தத் தாய் சுரம் கண்டு இறந்துபோனார். அவர்கள் அப்போது கோவிலில் முழங்காலிலிருக்கவில்லை. வீட்டுச் சன்னலருகே நின்றார்கள். பிள்ளைகளோடு சர்வேசுரனைப்பற்றிப் பேசுகிற பெற்றோரே, இது உங்களுக்கு ஆறுதலாயிருக்கட்டும்.

அசிசியாரான அர்ச். பிரான்சீஸ்குவுக்குக் குஷ்டரோகிகளைக் கண்டால் அருவருப்பு. அந்த அருவருப்பை அடக்கி அவர்களுக்கு ஊழியம் செய்தபோதுதான் கசப்பாயிருந்தது தமக்கு இனிப்பாய் மாறியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். சூரியன், சந்திரன், தண்ணீர், நெருப்பு எல்லாவற்றிலும் ஆண்டவருடைய கைவேலையைக் கண்டு அவர் பாடின பாட்டை உலகம் அறியும். ஆனால் அதை அவர் பாடிய காலம் எது தெரியுமா? ஏறக்குறைய 1225-ம் வருஷம், கண்நோவினால் பார்வை போய்க்கொண்டிருந்த காலம். வெளிச்சத்தைத் தாங்கமாட்டாத கண்களோடு சூரியனுக்காகத் தோத்திரம் செய்தார்.

பாரீஸ் பட்டணத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் போர்ச்சேவகத்தில் காயமடைந்தவர். 1640-ம் வருஷம் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றவரல்ல. மடத்தின் குசினியில் வருஷக்கணக்காய்ச் சமையல் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்குச் சுபாவத்திலே பிடிக்காத வேலை. ஆனாலும் சட்டிபானைகளின் சத்தத்துக்கு நடுவே, கோவிலில் இருப்பதுபோலவே ஆண்டவரோடு அமைதியாய்ப் பேசிக்கொண்டிருக்கப் பழகினார். எடுத்த உடனே வந்துவிடவில்லை. முதல் பத்து வருஷம் மிகுந்த மனக்கலக்கத்தோடு போராடினார் என்று அவர் சரித்திரம் சொல்லுகிறது. 1691-ம் வருஷம் இறந்தார். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கிற தாய்மாரே, உங்கள் அடுப்படிக்கும் ஆண்டவருக்கும் தூரம் அதிகமில்லை.

இனி ஆர்ஸ் ஊர்க் குடியானவன் ஒருவன். அர்ச். ஜான் மரிய வியான்னி 1818-ம் வருஷம் பங்குக் குருவாய் வந்தபோது அது ஏறக்குறைய இருநூற்று முப்பது பேர் உள்ள ஒரு குக்கிராமம். அங்கே ஒரு குடியானவன் கோவிலுக்குள் வந்து நற்கருணைப் பேழையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். உதடு அசையாது. கையில் புத்தகம் கிடையாது. என்ன செய்கிறாய் என்று குருவானவர் கேட்டதற்கு, தான் அவரைப் பார்ப்பதாகவும் அவர் தன்னைப் பார்ப்பதாகவும் சொன்னான். அவ்வளவுதான் அவன் ஜெபம். வியான்னி சுவாமியார் அதைத் தம் பிரசங்கங்களில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இன்று திருச்சபையின் சத்தியோபதேசப் புத்தகத்திலே அந்தக் குடியானவனுக்கு இடமிருக்கிறது. அவன் பேர் வேண்டியதாயில்லை.

பார்த்தீர்களா? ஒருவர் அழுதார், இருவர் பேசினார்கள், ஒருவர் பாடினார், ஒருவர் சமைத்தார், ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் ஆண்டவர் ஒருவரே. ஒருவருடைய வழியைக்கொண்டு இன்னொருவரை அளப்பது, நெல் அளக்கிற மரக்காலைக்கொண்டு புடவை அளப்பதைப்போலாகும்.

ஒரே மனுஷனுக்குக்கூட ஆண்டவர் எப்பொழுதும் ஒரே விதமாய் வருகிறதில்லை. எலியாஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். கார்மேல் மலையில் அவர் ஜெபித்தபோது வானத்திலிருந்து அக்கினி இறங்கிப் பலியைத் தகித்தது. சனங்கள் முகங்குப்புற விழுந்தார்கள். அடுத்தாற்போல் என்ன நடந்தது? எசாபேல் இராணிக்குப் பயந்து அதே மனுஷன் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். நேற்று அக்கினியைக் கண்டவருக்கு இன்று சாவு வேண்டியதாயிற்று! ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தரிசனமும் கொடுக்கவில்லை. தூங்கவிட்டார். சம்மனசை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், வழி தூரமாயிருக்கிறதே என்று. அந்த அப்பத்தின் பலத்தைக்கொண்டு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபோது, பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் ஆண்டவர் இருக்கவில்லை. அதன்பின் மெல்லிய காற்றொன்று வீசியது. அப்போது எலியாஸ் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலில் வந்து நின்றார். ஒரு வாழ்நாளில் அக்கினி ஒருமுறை, அப்பம் ஒருமுறை, இளங்காற்று ஒருமுறை. அப்பம் வந்த நாளில் அக்கினி வரவில்லையே என்று அவர் அழுதிருந்தால் ஓரேப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்.

மூன்றாவது, வறட்சியைப்பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தாயாருடைய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

ஜெபத்துக்கு ஆசிரியை என்று திருச்சபை கொண்டாடுகிற அவிலா ஊர் அர்ச். தெரேசம்மாள், 1970-ம் வருஷம் வேதபாரகர் பட்டம் பெற்றவர், ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்த காலம் தமக்குண்டு என்று தாமே எழுதிவைத்தார். பதினெட்டு வருஷமாய்ப் புத்தகத்தின் உதவியில்லாமல் ஜெபத்தில் உட்காரத் துணியமாட்டாமலிருந்தார். குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் 1888-ம் வருஷம் பதினைந்து வயதில் மடத்தில் சேர்ந்தார். தியான நேரத்தில் அடிக்கடி தூங்கிப்போவார். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்குப் பிரியந்தானே என்று தேற்றிக்கொண்டார். 1896-ம் வருஷம் பாஸ்கு காலத்தில் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்கிற இருள் அவர் மனதை மூடியது. 1897-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி இருபத்துநாலாம் வயதில் காசநோயால் சாகும்வரைக்கும் அது நீங்கவில்லை. அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம்முடைய இரத்தத்தாலே எழுதி மார்போடு வைத்துக்கொண்டார்.

நம்முடைய காலத்துக்கு வருவோம். கல்கத்தா அர்ச். தெரேசம்மாளை நம்மில் பலர் படத்திலும் சிலர் நேரிலும் கண்டிருப்பீர்கள். 1946-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி டார்ஜிலிங் போகிற ரயிலில் ஏழைகளுக்கு ஊழியம் செய்ய ஆண்டவர் தம்மை அழைத்ததை அவர் தெளிவாய் உணர்ந்தார். அழைப்பின்படி தெருவில் இறங்கி வேலை தொடங்கியபின், அந்த உணர்வெல்லாம் மறைந்துபோயிற்று. இடையில் சிறிது காலம் தவிர, 1997-ம் வருஷம் இறக்கும்வரைக்கும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் உள்ளத்தில் வெறுமையும் இருளுமாயிருந்தது. இதை அவர் தம் ஞான குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007-ம் வருஷம் புத்தகமாய் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. அந்த முகத்துச் சிரிப்பைப் பார்த்து அவருக்கு எந்நேரமும் தேவ தரிசனம் என்றல்லவோ நாம் நினைத்திருந்தோம்! கடிதங்களை அறிந்த திருச்சபையே 2016-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தது. இருள் அவருடைய பரிசுத்ததனத்துக்குத் தடையாய் எண்ணப்படவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாகச் சிலுவையைப் பாருங்கள். பிதாவின் சித்தத்தைச் சேசுநாதர் முழுதும் நிறைவேற்றிய நேரம் எது? கல்வாரி நேரம். பிதா தம்மைக் கைவிட்டதாக அவர் கூப்பிட்டதும் அந்த நேரத்தில்தான்.

அர்ச். இஞ்ஞாசியார் தமது ஞான அப்பியாச நூலில் இந்த வறட்சிக்கு மூன்று காரணம் எழுதுகிறார். ஒன்று, நம்முடைய அசட்டைத்தனத்தால் வரலாம். இரண்டு, சம்பளமாகிய ஆறுதல் இல்லாமலும் ஊழியம் செய்வோமா என்று ஆண்டவர் நம்மைச் சோதிப்பதால் வரலாம். மூன்று, ஞான ஆறுதல் நம்முடைய சம்பாத்தியமல்ல, அவர் இலவசமாய்த் தருகிற கொடை என்று நாம் உணரும்படி வரலாம். இப்போது என் குற்றம் உங்களுக்கு விளங்கும். மூன்று காரணமிருக்க, நான் முதலாவதை மாத்திரம் எடுத்து அந்தத் தாயாரின் தலைமேல் வைத்தேன்.

அதே நூலில் அவர் ஒரு சட்டமும் எழுதினார். வறட்சிக் காலத்தில், அதற்குமுன் செய்த நல்ல தீர்மானங்களில் ஒன்றையும் மாற்றாதே என்பது அதன் கருத்து. இருட்டில் வழி நடக்கிறவன் வெளிச்சத்தில் பார்த்து வைத்த பாதையை விடலாகாது. பூசைக்குப் போய்க்கொண்டிருந்தாயா? போ. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாயா? சொல். சாவான பாவம் மனதை உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கு. அப்படி ஒன்றும் இல்லாமல், உருக்கமில்லை என்கிற ஒரே காரணத்துக்காக நன்மையை நிறுத்துவது, பசியில்லை என்று நோயாளி கஞ்சியைத் தள்ளுவதற்கு ஒப்பாகும். அவனுக்குத்தான் கஞ்சி அதிக அவசியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, உயிரோடிருப்பதே பாரமாயிருக்கிறது என்றிருக்குமானால், அதை ஞான வறட்சி என்று மாத்திரம் எண்ணி மறைத்து வைக்காதேயுங்கள். மனச்சோர்வு ஒரு வியாதி. அதற்கு வைத்தியம் உண்டு. வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. ஆண்டவர் எலியாசுக்கு முதலில் கொடுத்தது தூக்கமும் சாப்பாடுந்தான் என்பதை மறவாதேயுங்கள்.

இனி அந்தத் தாயாரிடம் திரும்புவோம். வீட்டில் கிடக்கிற நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோவது வழக்கமாய் உதவிச் சுவாமியாருடைய முறை. அவர் ஊரில் இல்லாததால் அடுத்த வாரம் நான் போனேன். ஐந்தாவது வீடு அந்தத் தாயாருடையது. அவருடைய புருஷன் பாரிசவாயுவால் நான்கு வருஷமாய்ப் படுக்கையில் கிடக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் வைத்து, இரண்டு திரி கொளுத்தியிருந்தார். புருஷனுடைய தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தார். நன்மை கொடுத்தேன். விழுங்குவதற்குக் கரண்டியால் தண்ணீர் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டார். பிறகு கட்டிலோரம் முழங்காலிலிருந்து கும்பிட்டார். தாம் நன்மை வாங்கவில்லை.

கட்டிலருகே ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது. எதற்கென்று கேட்டேன். மருமகள் சொன்னாள்: "இரண்டு மணிக்கொருதரம் மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேணும், சுவாமி. இல்லாவிட்டால் முதுகு புண்ணாய்ப் போகும். ராத்திரியிலும் அத்தைதான் எழுந்திருப்பாங்க. எங்களை எழுப்பமாட்டாங்க. காலையில் நான் பக்கத்தில் உட்காருகிற அரைமணி நேரத்தில்தான் பூசைக்கு ஓடி வருவாங்க."

கர்த்தூசியன் மடத்துச் சந்நியாசிகள் நடுராத்திரியில் மணியோசை கேட்டு எழுந்து கோவிலுக்குப் போய்த் தேவ தோத்திரம் பாடுவார்கள். அர்ச். புருனோ 1084-ம் வருஷம் ஏற்படுத்திய சபை அது. அதைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கத்தில் வியந்து பேசியிருக்கிறேன். என் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் ஓட்டு வீட்டில், ராத்திரி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் மணியோசை கேட்டு ஒருத்தி எழுந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமற்போயிற்று. வியாதியாயிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று சொல்லப்போகிற ஆண்டவரை அவள் நான்கு வருஷமாய்த் தன் கைகளாலே புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் நான், ஏதாவது பாவம் ஒளிந்திருக்கும் என்றேன்.

அங்கேயே சொன்னேன்: "அம்மா, அன்று நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். அது சரியான பதிலல்ல. என்னை மன்னியுங்கள். ஆண்டவர் உங்களைத் தள்ளவில்லை. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்குங்கள்." பதில் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகளைத் தனியே கூப்பிட்டு, வாரத்தில் மூன்று ராத்திரியாவது நீங்கள் முறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டித்துச் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள். அவள் ஜெபக் கூட்டத்தில் பெற்ற ஆறுதலும் மெய்யான ஆறுதல் என்பதை அந்த முறையெடுப்பினால் காட்டட்டும்.

ஏனெனில், பிரியமான கிறிஸ்தவர்களே, ஆண்டவருக்கு அருகில் இருக்கிறோமா என்று அறிய உருக்கம் அளவுகோலல்ல என்றால், வேறென்ன அளவுகோல்? நம் ஆண்டவரே சொன்னார்: மரத்தை அதன் கனியால் அறியலாம். நேற்றைவிட இன்று பாவத்துக்கு அதிகம் பயப்படுகிறேனா? வீட்டில் இருக்கிறவர்களோடு அதிகப் பொறுமையாய் இருக்கிறேனா? ஆறுதல் இல்லாத நாளிலும் ஜெபத்தைவிடாமல் இருக்கிறேனா? இந்த மூன்றுக்கும் ஓரளவாவது ஆம் என்று சொல்லக் கூடுமானால் பயப்படாதேயுங்கள். கோவிலில் கண்ணீர்விட்டு வீட்டில் மாமியாரைப் பேசாத பேச்செல்லாம் பேசுகிறவர்கள், கண்ணீரை ஆண்டவர் கொடுத்ததற்காக நன்றி சொல்லிவிட்டு நாக்கைத் திருத்தக்கடவார்கள். கண்ணீர் வராமலே கடமையைச் செய்கிறவர்கள், அழுகிறவர்களைப் பார்த்துப் பொறாமையும் கொள்ள வேண்டாம், பரிகாசமும் செய்ய வேண்டாம். ஆறுதல் வரும்போது பிள்ளையைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள். வராதபோது ஊழியனைப்போல வேலையைப் பாருங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று ஞான முயற்சி சொல்லுகிறேன். ஒன்று, தினமும் ஐந்து நிமிஷம் ஆர்ஸ் குடியானவனைப்போலக் கோவிலிலோ வீட்டுப் பீடத்தின் முன்னோ ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். ஒன்றும் உணராவிட்டாலும் ஐந்து நிமிஷம் முடியுமுன் எழுந்திராதேயுங்கள். இரண்டு, நீங்கள் அதிகம் வெறுக்கிற வீட்டு வேலை எதுவோ அதைத் தொடங்குமுன், சேசுவே, இது உமக்காக என்று மனதுக்குள் சொல்லுங்கள். மூன்று, உங்கள் தெருவில் நோயாளியைப் பராமரித்துக் களைத்துப் போனவர் யாரென்று பாருங்கள். ஒரு மணி நேரம் அவருக்குப் பதிலாய் அந்தக் கட்டிலருகில் உட்காருங்கள். அவர் தூங்கட்டும். எலியாசுக்கு அப்பம் கொண்டுவந்த சம்மனசின் வேலை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் அந்தத் தாயார் கிராதியண்டை வந்து நன்மை வாங்கினார். பூசை முடிந்து வாசலில் கண்டபோது, எப்படியிருந்தது அம்மா என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை, சுவாமி. எப்போதும்போலத்தான். நேரமாகிறது, அவரைப் புரட்டிப் போடவேணும்" என்று சொல்லிவிட்டு வேகமாய் நடந்தார்.

சேசுவின் திரு இருதயமே, உமது சமீபத்தை உணருகிறவர்களுக்குத் தாழ்ச்சியைத் தாரும். உணராதவர்களுக்கு நிலைமையைத் தாரும். நாங்கள் உம்மைக் காணாத வேளையிலும் நீர் எங்களைக் காண்கிறீர் என்கிற விசுவாசத்தில் எங்களைச் சாகுமட்டும் காப்பாற்றும். ஆமென்.